இரவல் இடம்

சித்திரைவேல் கங்காணி ஒரு மூச்சை விட்டு அடுத்த மூச்சை இழுப்பதற்குள் பதினோரு நொடி ஆனது. நர்ஸ் ஜெனோவா கைக்கடிகாரத்தைப் பார்த்து அதை உரக்கச் சொன்னாள். சொன்ன பிறகுதான், சொல்லியிருக்க வேண்டாமோ என்று கங்காணியின் மனைவி பக்கம் திரும்பினாள்.

பதினோரு நொடி கேட்பதற்குச் சின்னதாகத்தான் இருக்கும். சும்மா இருக்கும்போது மூச்சை விட்டுவிட்டு எண்ணிப் பாருங்கள், ஏழிலேயே நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

உப்பாற்றுத்துறையின் வில்லை மையம் இரண்டே அறை. வெளியறையில் பெஞ்சு, உள்ளறையில் ஒரு கட்டில், ஒரு கணினி, ஒரு காற்றாடி. காலை பதினொன்றரை மணி வெயில் அஸ்பெஸ்டாஸ் கூரையில் ஏறி நின்றது. தொண்டைக்குள் குழாய் இறக்கத் தெரிந்த ஒரே டாக்டர் மாவட்டத் தலைநகரில் கூட்டத்துக்குப் போயிருந்தார். புறப்பட்டு வர ஒரு மணி நேரம். ஆகவே கட்டிலில் கிடந்த மனிதருக்கும் சாவுக்கும் நடுவில் அப்போது இருந்தது முத்துப்பேச்சி ஒருத்திதான். அவள் டாக்டர் இல்லை. வில்லைகளைச் சுத்தம் பண்ணும் ஊழியர்.

கங்காணியின் தலையை மெல்லத் திருப்பி, வலக்காதின் பின்னால் தோலுக்கு அடியில் இருந்த, கெட்டுப்போன நரம்புக்குப் பதிலாக வேலை செய்யும் வில்லையின் வாயில் கேபிளைச் சொருகினாள். திரையில் ஒரே ஒரு எண் சிவப்பாக வந்தது. நூறு சதவீதம்.

"நெறஞ்சு கெடக்கு," என்றாள் முத்துப்பேச்சி. "ஒரு ஊசி போடக்கூட எடம் இல்ல. கடைசியா எப்ப சுத்தம் பண்ணுனீங்க?"

கங்காணியின் மனைவி தங்கபுஷ்பம் சுவரோடு சாய்ந்து நின்றாள். அறுபது வயதிருக்கும். உப்பு வாரிய கைகள், நகக்கண்ணெல்லாம் வெள்ளையாக வெடித்துக் கிடந்தன.

"பண்ணல."

"இந்த வருஷம் பண்ணலியா?"

"எப்பவுமே பண்ணல, தாயி."

ஜெனோவா திரும்பிப் பார்த்தாள். "வில்லை வச்சுப் பதினேழு வருஷமாவா? யம்மா, வீட்டு ஓடையக்கூட வருஷத்துக்கு ஒருக்க தோண்டி விடுவோமே."

முத்துப்பேச்சியின் விரல்கள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தன. கை வேலை செய்யும்போது வாய் பேச வேண்டும் என்பது அவளுடைய பழக்கம். பக்கத்தில் நிற்பவர்களுக்கு என்ன நடக்கிறதென்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும்.

"புதுசா ஒரு சேலை எடுக்கீங்க. அட்டைப்பெட்டியில வச்சுத் தாறான். சேலையை எடுத்து உடுத்தியாச்சு. பெட்டியத் தூரப் போடாம கட்டிலுக்கு அடியில தள்ளுதீங்க. பதினேழு வருஷம் இப்பிடியே தள்ளுனா வீட்டுல படுக்க எடம் இருக்குமா? இந்த வில்லைக்குள்ள ஓடுறது லினக்ஸ்னு ஒரு அடித்தளம். அதுமேல ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பேக்கேஜ். நடக்கதுக்கு ஒண்ணு, முழுங்கதுக்கு ஒண்ணு, தொண்டையத் தொறந்து மூச்சு விடுததுக்கு ஒண்ணு. சிக்னல் கோபுரத்துல இருந்து புதுசு புதுசா வரும். வந்து ஏறுனதுக்கு அப்புறமும் பெட்டி உள்ளயே கெடக்கும். பழசையும், எதுக்கும் இருக்கட்டும்னு எடுத்து வச்சுக்கிடும்."

"அதுக்கும் மூச்சுக்கும் என்னம்மா?"

"தொண்டையக் காக்குத பேக்கேஜ், ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு வரி எழுதி வச்சுட்டுத்தான் அடுத்த மூச்சுக்குத் தொண்டையத் தொறக்கும். எழுத எடமில்லன்னா தெகைச்சு நிக்கும். அதான் இந்தப் பதினோரு நொடி."

"பதிமூணு," என்றாள் ஜெனோவா.

தங்கபுஷ்பம் கட்டிலருகே வந்தாள். கணவரின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, திரையைப் பார்க்காமல் கேட்டாள். "எல்லாத்தையும் எடுத்துருவீங்களா? ஒண்ணே ஒண்ண மட்டும் விட்டுற முடியுமா?"

"எத?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான் கேட்டேன்."

அந்தக் கேள்வியை நின்று யோசிக்க முத்துப்பேச்சிக்கு நேரமில்லை. பின்னால் யோசித்தாள்.

பழைய பெட்டிகளின் பட்டியல் திரையில் வந்ததும் அவள் கண் எங்கே போயிற்று என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அளவு எவ்வளவு, எதை முதலில் நீக்கலாம் என்று பார்ப்பதுதான் முறை. அவள் கண்ணோ பட்டியலின் வலது ஓரத்தில், உரியவர் எண் இருக்கும் பத்தியில் மேலிருந்து கீழே ஓடியது. பதினாறு ஆண்டுகளாக, எந்த வில்லையைத் திறந்தாலும் அப்படித்தான். நாலாயிரத்து நானூற்று ஆறு என்ற எண்ணைத் தேடித்தான் இந்த வேலைக்கே அவள் வந்திருந்தாள்.

அது அவளுடைய எண். அவளுடைய காதுக்குப் பின்னாலும் ஒரு வில்லை உண்டு.

பதினேழு ஆண்டுகளுக்கு முன் உறைகாய்ச்சல் இந்தக் கரையோரத்தை வாரிக்கொண்டு போனபோது, அது ஆளுக்கொரு நரம்பைத் தின்றது. ஒருவருக்கு முழங்கால், ஒருவருக்குப் பேச்சு, ஒருவருக்குத் தொண்டை. முழுதும் தின்று முடிப்பதற்குள் டாக்டர்கள் அந்த நரம்பின் வேலையை அச்செடுத்து வில்லையில் போட்டார்கள். காலுக்கும் தொண்டைக்கும் கம்பெனி செய்த பேக்கேஜ் உண்டு. நாக்கு, மூக்கு போன்றவற்றுக்கு ஆளின் சொந்த அச்சுதான். தொலைந்தால் தொலைந்ததுதான், மறுபடி எடுக்க நரம்பு இருக்காது.

முத்துப்பேச்சிக்கு நடையும் வலக்கையும் போய், அவற்றுக்கான பேக்கேஜ்களாலேயே வில்லை நிறைந்துவிட்டது. கடைசியில் அவளுடைய உப்பு ருசியை எடுத்த அச்சுக்கு இடமில்லை. காய்ச்சல் முகாமில் அப்போது ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. இரவல் இடம் என்பார்கள். இடம் காலியாக இருக்கும் இன்னொருவர் வில்லையில் கொண்டுபோய் வைப்பது. ஒரு ரோஸ் சீட்டை இரண்டாகக் கிழிப்பார்கள். இடம் கொடுத்தவர் கையில் இருக்கும் பாதியில் உரியவரின் எண், உரியவர் கையில் இருக்கும் பாதியில் கொடுத்தவரின் எண். காய்ச்சல் தணிந்து பெரிய வில்லை வந்ததும் சீட்டைச் சேர்த்துக் காட்டி வாங்கிக்கொள்ள வேண்டும்.

முத்துப்பேச்சி தன் பாதியை முந்தானையில் முடிந்து வைத்தாள். நினைவில்லாமல் கிடந்தவளின் சேலையை அவள் மாமியார் பாசமாக அவிழ்த்து, சோடா போட்டு, வெந்நீரில் துவைத்துக் காயப்போட்டாள். முடிச்சுக்குள் இருந்தது ரோஸ் நிறத்தில் ஒரு கூழ்.

அன்றிலிருந்து அவளுக்கு உப்பு இல்லை. புளிப்பு உண்டு, இனிப்பு உண்டு, உறைப்பு உண்டு. உப்பு விளையும் ஊரில் இருந்துகொண்டு உப்பு மட்டும் இல்லை. வீட்டில் மகள்தான் குழம்புக்கு உப்புப் போடுவாள். அந்த மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அழுத கன்னத்தில் முத்தம் கொடுத்தால் வெறும் தண்ணீரைத் தொட்டதுபோல் இருக்கும். அந்த முத்தத்தைப் பற்றி அவள் யாரிடமும் சொன்னதில்லை. உப்பு தெரியாததைக் கேலி பண்ணுவதற்கு ஜெனோவா ஒருத்தி போதும். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும், "யக்கா, நீங்க ருசி பாத்துச் சொன்னா அப்பீலே இல்ல" என்பாள்.

இரவல் கொடுத்தவர் இந்தக் கரையில்தான் எங்கோ இருக்க வேண்டும். பதினோராயிரம் வில்லைகள். இதுவரை ஒன்பதாயிரத்துச் சொச்சம் பார்த்தாயிற்று. இன்றைக்கு, ஒரு மனிதர் மூச்சுக்குத் தவிக்கும்போதுகூட, அவள் கண் வழக்கப்படி வலது ஓரத்துக்கே போயிற்று. பெட்டிகளின் பட்டியலில் அந்த எண் இல்லை. ஆனால் கண் அங்கே போனதில் ஒரு காரியம் தவறிவிட்டது.

"நீக்கு" என்று கொடுத்தாள். நூறு தொண்ணூறாயிற்று, எண்பத்திரண்டாயிற்று. கங்காணியின் நெஞ்சு ஏறி இறங்கியது.

"அஞ்சு நொடி," என்றாள் ஜெனோவா. "யக்கா, வந்துட்டாரு."

தங்கபுஷ்பம் கண்ணை மூடிக் கையெடுத்துக் கும்பிட்டாள். கும்பிட்ட கை இறங்குவதற்குள் திரையில் எண் ஏற ஆரம்பித்தது. எண்பத்தைந்து. தொண்ணூறு. தொண்ணூற்று நான்கு.

முத்துப்பேச்சிக்கு அப்போதுதான் உறைத்தது. கோபுரத் தொடர்பைத் துண்டிக்காமல் சுத்தம் பண்ணிவிட்டாள். பட்டியலைத் திறக்கும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை அது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு அவளே பாடம் எடுப்பாள். வில்லை நிறைந்ததிலிருந்து வாசலில் இடமில்லாமல் காத்துக் கிடந்த புதுசுகள் எல்லாம், திருவிழாக் கூட்டத்தில் பஸ் கதவு திறந்ததுபோல் முண்டியடித்து ஏறிக்கொண்டிருந்தன.

தொடர்பைத் துண்டித்தாள். பாதியில் நின்றதை எல்லாம் வெளியே தள்ளினாள். தொண்ணூற்று நான்கில் நின்றது. அதற்குக் கீழே இறங்கவில்லை.

"என்னக்கா?"

"தொண்டைக் காவலோட புதுசு பாதி ஏறிட்டு. பழைய காவல்காரன் சாவியக் குடுத்துட்டு எறங்கிட்டான். புது ஆளு இன்னும் வாசல்லயே நிக்கான். உள்ள வர ஒம்பது சதவீதம் எடம் வேணும். ஆறுதான் இருக்கு."

"பாதி ஏறினத எறக்கிட்டா?"

"எறக்குனா வாசல்ல ஆளே இருக்க மாட்டான்."

கட்டிலில் கங்காணியின் நெஞ்சு எழும்ப முயன்றது, எழும்பவில்லை. தொண்டையில் ஒரு சின்ன விசில் கேட்டு நின்றது. ஜெனோவா மூச்சுப்பையை எடுத்து அவர் முகத்தில் வைத்து அமுக்கினாள். பை கல்லுப்போல் நின்றது. "காத்து உள்ள போவ மாட்டேங்கு. தொண்டை பூட்டிக்கிட்டு." மறுபடி அமுக்கினாள். சற்றுப் பொறுத்துத் தொண்டை தானாகவே ஒரு கணம் விலக, ஒரு மடக்குக் காற்று உள்ளே போயிற்று. "இருபத்தி ரெண்டு நொடி."

"அவுக நீச்சல் தெரிஞ்சவுக," என்றாள் தங்கபுஷ்பம், யாருக்கோ சொல்வதுபோல. "தம் பிடிப்பாவ."

மூன்று சதவீதம் வேண்டும். முத்துப்பேச்சி இரண்டாம் பட்டியலைத் திறந்தாள். பெட்டிகளுக்குப் பிறகு வருவது, யாருக்கும் வேண்டாதவை. வேறு எதற்கோ துணையாக வந்து, அந்த வேறு எதுவோ போன பிறகும் தங்கிவிட்டவை. பஸ்ஸில் சீட்டுக்குத் துண்டு போட்டவன் முந்தின ஸ்டாப்பிலேயே இறங்கியிருப்பான், துண்டு மட்டும் கிடக்கும். அப்படிப்பட்டவை.

ஒரே ஒரு வரிதான் இருந்தது.

ருசி அச்சு. அளவு, நான்கு சதவீதம். உரியவர், 4406. தேவைப்படுவோர், இல்லை.

அவள் அதை இரண்டு தடவை வாசித்தாள். காதுக்குப் பின்னால் கை தானாகப் போயிற்று.

அடுத்து வந்த மூன்று நிமிடத்தைப் பற்றி அவள் பிறகு தனக்குள் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தாள். எப்படிச் சொன்னாலும் அது மூன்று நிமிடமாகவே இருந்தது. மேசை இழுப்பறையிலிருந்து இன்னொரு கேபிளை எடுத்தாள். ஒரு முனையைக் கங்காணியின் வில்லைக்கும் மறுமுனையைப் பின்னால் மாற்றிக்கொண்ட தன் பெரிய வில்லைக்கும் சொருகினாள். சொந்த அச்சு வில்லையிலிருந்து வில்லைக்குத்தான் போகும், கணினியில் இறங்காது. கம்பெனி போட்ட கட்டுப்பாடு அது. 'மாற்று' என்று கொடுத்தாள். திரை கணக்குப் போட்டுச் சொன்னது. இருபத்திரண்டு நிமிடம்.

"யக்கா, என்ன பண்ணுதீங்க?"

"அழிக்காம எடுக்கப் பாக்கேன்."

"எவ்வளவு நேரமாவும்?"

ஒரு சதவீதம் வந்திருந்தது. இரண்டு. சில சமயம் திரை சொல்வதைவிடச் சீக்கிரம் முடியும் என்று அவளுக்குத் தெரியும். இன்றைக்கு முடியாது என்றும் தெரியும். நாக்கின் ஓரத்தில் ஏதோ ஊறியது. உப்பா என்று பார்த்தாள். வெறும் எச்சில்.

"முப்பத்தி ஒண்ணு," என்றாள் ஜெனோவா. அவள் குரலில் இப்போது விளையாட்டு இல்லை. பையை மறுபடி அமுக்கினாள். "ஒதடு நீலம் பாய்ஞ்சிட்டு."

பதினோரு சதவீதம். பன்னிரண்டு.

தங்கபுஷ்பம் கணவரின் பாதத்தை விட்டுவிட்டு முத்துப்பேச்சியைப் பார்த்தாள். இரண்டு காதுகளுக்கும் நடுவே தொங்கிய கேபிளைப் பார்த்தாள். அவளுக்கு என்ன புரிந்ததோ. "தாயி," என்றாள் மெதுவாக. "எதா இருந்தாலும் அழிச்சிருங்க. நான் முன்ன ஒண்ண விடச் சொன்னேன்லா, அதையும் அழிச்சிருங்க. எனக்கு இவுக போதும்."

"நாப்பது," என்றாள் ஜெனோவா. "முத்துப்பேச்சியக்கா."

ஆறு ஆண்டுச் சிநேகிதத்தில் அவள் பெயரைச் சேர்த்துக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

முத்துப்பேச்சி தன் காதிலிருந்து கேபிளைப் பிடுங்கினாள். பாதி வந்த அச்சு ஒன்றுக்கும் உதவாது, பாதி வெந்த செங்கல். அந்த ஒற்றை வரியைத் தொட்டாள். திரை முறையாகக் கேட்டது. இது யாருக்கும் தேவைப்படவில்லை, நீக்கலாமா?

ஆம் என்று கொடுத்தாள்.

நான்கு சதவீதம் விழுந்தது. புதுக் காவல்காரன் உள்ளே வந்தான். கங்காணியின் தொண்டை கடகடவென்று ஒரு சத்தம் போட்டுத் திறந்தது. கரையில் இழுத்துப் போட்ட மனிதன்போல் அவர் காற்றை இழுத்தார். இழுத்தார், விட்டார், இருமினார். ஜெனோவா பையைத் தரையில் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நாலு நொடி," என்றாள், அழுதுகொண்டே. "மூணு. போதும், இனிமே எண்ண மாட்டேன்."

அரை மணி கழித்துக் கங்காணி கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டார். விழுங்கினார். சுற்றிலும் பார்த்து, "ஏன் எல்லாரும் எழவு வீட்டுல மாதிரி நிக்கீங்க?" என்றார்.

சாயங்காலம் பதிவேட்டில் எழுத வேண்டியிருந்தது. நீக்கியது, ருசி அச்சு ஒன்று. காரணம் என்ற கட்டத்தில் பேனா சற்று நின்றது. பிறகு, 'தேவைப்படுவோர் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். உரியவருக்குத் தகவல் தரப்பட்டதா என்று அடுத்த கட்டம் கேட்டது. தரப்பட்டது.

ஜெனோவாவிடம்கூட அவள் சொல்லவில்லை. அன்று வீட்டுக்குப் போய் மகள் வைத்த ரசத்தைக் குடித்தாள். எப்போதும்போல் இருந்தது. இனி எப்போதும் அப்படித்தான் என்பது மட்டும் புதிது. மறுநாள் வேறொருவரின் வில்லையைத் திறந்தபோது, கண் வலது ஓரத்துக்குப் போய், அங்கே என்ன தேடுவதென்று தெரியாமல் நின்றது.

ஐந்தாம் நாள் மத்தியானம் தங்கபுஷ்பம் ஒரு தூக்குச்சட்டியோடு வந்தாள்.

"சாளைக் குழம்பு. உங்களுக்குன்னு வச்சேன். வேண்டாம்னு சொல்லப்பிடாது."

சோறும் கொண்டுவந்திருந்தாள். வாழையிலையை மேசைமேல் விரித்து அவளே போட்டாள். முத்துப்பேச்சி பிசைந்து ஒரு கவளம் வாயில் வைத்தாள். புளி தெரிந்தது, மிளகாய் தெரிந்தது, மீனின் வாசம் தெரிந்தது.

"கங்காணி எப்பிடி இருக்காவ?"

"மூச்சு நல்லாத்தான் இருக்கு. ஆனா..." தங்கபுஷ்பம் தரையைப் பார்த்தாள். "நாக்கு போயிட்டும்மா. உப்பு தெரியல. உப்பளத்துல இவுக நாக்குக்குத்தான் பேரு. பாத்தித் தண்ணிய ஒரு விரல்ல தொட்டு வச்சு, அடர்த்தி இருபத்தஞ்சு டிகிரி வந்துட்டு, நாளைக்கு உப்பு விழும்பாவ. மீட்டர் வச்சுப் பாத்தாலும் அதேதான் காட்டும். காய்ச்சலுக்கு முன்ன சும்மா உப்பு வார வாருபலகை புடிச்சவுக. அதுக்கப்புறம் அந்த நாக்காலதான் கங்காணி ஆனாவ. மூணு பொட்டப்புள்ளைய அந்த நாக்குதான் கரையேத்திச்சு. இப்ப தொட்டு வச்சுட்டு, தொட்டு வச்சுட்டு, பாத்தியோரத்துலயே உக்காந்துருக்காவ. வீட்டுல எது வச்சாலும் உப்பு இல்ல, உப்பு இல்லங்காவ. நானும் அள்ளி அள்ளிப் போடுதேன்."

முத்துப்பேச்சியின் கை இலையில் நின்றது. ஆக, பட்டியல் சொன்னது பொய். வில்லைக்குத் தேவைப்படவில்லை, மனிதருக்குத் தேவைப்பட்டிருக்கிறது.

"கைத்தடி ஊனிப் பழகுன காலு மாதிரிதான்," என்றாள் அவள், நிதானமாக. "வில்லையில ஒரு நல்ல நாக்கு சும்மா கெடந்துச்சு. மூளைக்கு அது ருசிச்சுப்போச்சு. தன்னோட சொந்த நாக்க விட்டுட்டு அதுமேலயே சாஞ்சுட்டு. எந்தப் பட்டியல்லயும் அது எழுதியிருக்காது. இனி சொந்த நாக்கு முழிச்சா உண்டு."

"முழிக்குமா?"

"தெரியல. எனக்குத் தெரிஞ்சு யாருக்கும் இப்பிடி நடந்ததில்ல."

தங்கபுஷ்பம் தலையசைத்தாள். விருந்துக்கு வந்தவரிடம் கேட்பதுபோல் கேட்டாள். "குழம்புல உப்பு காணுமா?"

"சரியா இருக்கு," என்றாள் முத்துப்பேச்சி. அடுத்தடுத்துக் கவளம் எடுத்துச் சாப்பிட்டாள். "நல்லா இருக்கு."

அந்த நேரம் பார்த்து ஜெனோவா கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தாள். "மீன் வாசம் வாசல் வரைக்கும் வருது. எனக்கு ஒரு வாய் குடுத்தா கொறஞ்சா போவீங்க?" என்று இலையோரத்திலிருந்து ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள். போட்டவள் அப்படியே குழாயடிக்கு ஓடினாள். கொப்பளிக்கும் சத்தம் கேட்டது.

"யம்மா," என்று வாயைத் துடைத்தபடி திரும்பினாள். "இது கொழம்பா, உப்புத் தெப்பக்குளமா? எங்கக்காவுக்கு உப்பு தெரியாதுன்னு யாரோ ஒங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டாங்க. சோதிச்சுப் பாக்கீங்களா?"

தங்கபுஷ்பம் எழுந்து தூக்குச்சட்டியில் விரலை விட்டு நாக்கில் வைத்தாள். முகம் சுருங்கியது. "அவுக சட்டிய மாத்தி எடுத்துட்டு வந்துட்டேன்." பிறகுதான் அவளுக்கு மற்றது உறைத்தது. இலையைப் பார்த்தாள். பாதிக்கு மேல் காலி. முத்துப்பேச்சியைப் பார்த்தாள்.

"உங்களுக்கு எப்பருந்து தெரியல?"

"காய்ச்சல்ல இருந்து."

தங்கபுஷ்பம் கிட்டே வந்தாள். அனுமதி கேட்காமல், ஒரு தாய் பேன் பார்ப்பதுபோல், முத்துப்பேச்சியின் முடியை ஒதுக்கிக் காதின் பின்னால் முகாமில் பச்சை குத்தியிருந்த எண்ணைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை எடுத்து அவிழ்த்தாள். வெற்றிலைக் காம்புக்கும் சில்லறைக்கும் அடியில், பாலித்தீன் காகிதத்தில் மடித்து, நிறம் வெளுத்த பாதிச் சீட்டு ஒன்று இருந்தது. மேசைமேல் வைத்தாள். 4406.

தங்கபுஷ்பம் சீட்டின் ஓரத்தை விரலால் நீவிவிட்டாள்.

"இவுக வில்லைக்குள்ள ஒரு ஆளோட நாக்கு இருக்கு, தேடி வருவாங்க, குடுத்துருங்கன்னு முகாம்ல சொன்னாங்க. கொண்டு போய்க் குடுத்துருவோம்னுதான் மொதல்ல நெனச்சேன். அதுக்குள்ள இவுகளுக்கு அந்த வேலை கெடைச்சுட்டு." தங்கபுஷ்பத்தின் பேச்சு பதினேழு ஆண்டுகளாக ஒத்திகை பார்த்ததுபோல் வந்தது. "வில்லை மையத்துக்குப் போனா கண்டுபுடிச்சு எடுத்துருவாங்கன்னு நான்தான் இவுகள விடல. தலைசுத்துது, இருமுது, போவோம்னு அவுக சொல்லுவாவ. நான்தான் கஷாயம் வச்சுக் குடுப்பேன். அந்த ஆளு நாக்கு இல்லாம எப்பிடிச் சாப்பிடுதோன்னு எப்பவாச்சும் நெனப்பு வரும். செத்துருக்கும்னு நெனச்சுக்கிடுவேன்."

ஜெனோவா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பதிவேடு, கேபிள், மூன்று நிமிடம், எல்லாம் அவளுக்கு இப்போதுதான் ஒன்று சேர்ந்தது.

"அன்னைக்கு அழிக்கதுக்கு முன்ன நம்பரைப் பாத்தீங்களா, தாயி?"

முத்துப்பேச்சி சீட்டைத் தொடவில்லை. "பாத்தேன்."

"பாத்துட்டா அழிச்சீங்க?"

"பாத்துட்டு, மூணு நிமிஷம் அழிக்காம இருந்தேன். உங்க வீட்டுக்காரர் மூச்சுமுட்டிக் கெடக்கும்போது, எனக்கு என் நாக்கு வேணும்னு மூணு நிமிஷம் கேபிளச் சொருகிட்டு உக்காந்திருந்தேன். அத நானும் யார்ட்டயும் சொல்லல."

இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மன்னிப்பு என்ற சொல்லை இருவரும் எடுக்கவில்லை. எடுத்தால் யார் முதலில் சொல்வது என்று ஒரு சங்கடம் வந்திருக்கும்.

முத்துப்பேச்சி மறுபடி இலையில் கை வைத்தாள். தங்கபுஷ்பம் சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"திங்காதீங்க. இம்புட்டு உப்பு ஒடம்புக்கு ஆவாது."

இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். தூக்குச்சட்டியின் மேல்தட்டில் மீதியிருந்த வெறுஞ்சோற்றைக் கொட்டிப் பிசைந்தாள். ஒரு பருக்கையை எடுத்துத் தன் நாக்கில் வைத்துப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். இன்னும் கொஞ்சம் சோறு, இன்னும் கொஞ்சம் பிசைவு. மறுபடி ஒரு பருக்கை. கண்ணை மூடி, ரொம்ப நேரம் ருசித்தாள்.

"இப்ப சரியா இருக்கு," என்று இலையைத் திருப்பி வைத்தாள்.

முத்துப்பேச்சி சாப்பிட்டாள்.